‘சரிங்க’ என்று சொல்பவர்கள்

போன மாதம் ஒருநாள் காலையில் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது றிஸ்னாவிடமிருந்து போன் வந்தது. மாத்தளைப் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றின் காது கிளினிக்கில், நான் ஓய்வு பெற்று எழும்பிய கதிரையில் இப்போது இருப்பவள் அவள்தான்.

“மிஸ், ஒரு ஆள் வந்து நிக்கிறார். வீட்டுலயே போன்ல காதை டெஸ்ட் பண்ணிட்டாராம். ரிசல்ட்டையும் காட்டுறார். காது மெஷினை மட்டும் தாங்க, நான் போறேன்னு சொல்றார். என்ன செய்ய?”

“நேத்து என்ன கறின்னு கேட்டியா?” என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். பயிற்சிக்கு வந்திருக்கும் பிள்ளைகள் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். “கறியா? என்ன கறி?” என்று யாரோ கேட்பது எனக்குக் கேட்டது. அது பெரிய கதை என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, “நீங்களே எழுதித் தாங்க மிஸ், நான் சொன்னா இதுகள் நம்பாது” என்றாள். ஓய்வு பெற்றவர்களுக்கு எழுத நேரம் இருக்கும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். இருக்கிறதுதான். அன்றைக்குக் கீரைதான் கொஞ்சம் தாமதமாக வெந்தது.

நான் பிறந்தது எல்கடுவயில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில். மாத்தளைக்கு வந்து படித்து, பிறகு கொழும்பில் பயிற்சி பெற்று, காது சோதிக்கும் உத்தியோகத்துக்கு வந்தேன். பயிற்சிக் காலத்தை விவரித்து உங்களைத் தூங்கவைக்க விருப்பமில்லை. காதுக்குள் எந்த எலும்பு எங்கே இருக்கிறது என்பது எல்லாப் புத்தகத்திலும் உண்டு. எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒன்று வேலைக்குப் போன முதல் வாரத்திலேயே தெரிந்துபோனது. எங்கள் ஆட்கள் அளவுக்கு மீறி மரியாதையானவர்கள்.

சோதனை மிகவும் எளிது. வெளிச்சத்தம் புகாத சின்ன அறை. நோயாளியின் தலையில் ஹெட்போன், கையில் ஒரு பட்டன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மெஷினோடு நான். சத்தம் கேட்டால் அவர் பட்டனை அமுக்க வேண்டும், கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும். நான் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போவேன். எந்த இடத்தில் பட்டன் நிற்கிறதோ அதுதான் அந்தக் காதின் எல்லை.

முதல் வாரம் ஓய்வுபெற்ற கங்காணி ஒருவர் வந்தார். மகள் வாசலிலிருந்து கத்தியும் கேட்காத மனிதர். அறைக்குள் உட்காரவைத்ததும் பட்டனை ஒரு தாளம் தப்பாமல் அமுக்கிக்கொண்டே இருந்தார். மெஷின் சொன்னபடி பார்த்தால் அவருக்குப் பூனை நடப்பதுகூடக் கேட்க வேண்டும். எனக்குச் சந்தேகம் வந்து, சத்தத்தை முழுவதுமாக நிறுத்திவிட்டுப் பார்த்தேன். அப்போதும் அமுக்கினார். கதவைத் திறந்து, முகத்துக்கு நேரே போய்க் கேட்டேன்.

“ஐயா, சத்தம் கேட்டுச்சுங்களா?”

“கேக்கலைங்க.”

“அப்புறம் ஏன் அமுக்கினீங்க?”

“மிஸ் நிமிந்து நிமிந்து பாத்தீங்களே. நீங்க பாக்குறப்ப நான் சும்மா குந்தியிருந்தா மரியாதை இல்லீங்களே.”

அன்றிலிருந்து நான் யாரையும் எனக்கு முகம் காட்டி உட்காரவைத்ததில்லை. முதுகைக் காட்டித்தான். புதிய பிள்ளைகள் தயவுசெய்து இதை மனதில் வையுங்கள். சிலர் கண்ணாடியில் தெரியும் நிழலைப் பார்த்தும் அமுக்குவார்கள். அதற்காக ஒரு திரைச்சீலை தைத்து மாட்டினேன். அது இன்னும் அங்கே தொங்குவதாக றிஸ்னா சொல்கிறாள்.

எங்கள் பெரிய டொக்டர் கண்டிப் பக்கத்துச் சிங்களவர். ஒல்லியான உயரமான மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. காது கேட்காதவர்கள் வரும் இடத்தில் எல்லாரும் கத்துவார்கள். நர்ஸ் கத்துவாள், கூட வந்தவர்கள் கத்துவார்கள், சிற்றூழியர் வரிசையில் நிற்பவர்களின் பெயரை ரத்தோட்டை வரைக்கும் கேட்கும்படி கூப்பிடுவார். இவர் மட்டும் பக்கத்து வீட்டுக்காரரோடு பேசுகிற மாதிரி பேசுவார். காது டொக்டர் கத்துவது, பல் டொக்டர் நோயாளியைக் கடிப்பது மாதிரி என்பார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. நான் எடுத்த சோதனையைப் பார்ப்பார். குறிப்பு எழுதுவார். எழுதிக்கொண்டிருக்கும்போதே, அரிப்பெடுத்த மூக்கை மறைப்பவர் மாதிரி கோப்பைத் தூக்கி வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, சாதாரணக் குரலில் கேட்பார்.

“நேத்து என்ன கறி?”

வந்தவர் சிங்களவர் என்றால் இதையே சிங்களத்தில் கேட்பார். தமிழில் அவருக்குக் கொஞ்சம்தான் வரும், ஆனால் இந்தக் கேள்வி சுத்தமாக வரும். கேட்கும் காது உள்ளவர், “பருப்பும் கருவாடுங்க” என்பார். சிலர், “ஏங்க, வயித்துக்கும் காதுக்கும் சம்மந்தமா?” என்று திருப்பிக் கேட்பார்கள். கேட்காத காது உள்ளவர் வாய் நிறையச் சிரித்து, “சரிங்க” என்பார். சிங்களவராக இருந்தால் “எஹெமய்” என்பார். இரண்டும் ஒரே சொல்தான். பெரியவர்களுக்கு முன்னால் நின்று, என்ன சொன்னார்கள் என்று தெரியாமலே ஒத்துக்கொள்கிற சொல்.

ஏன் கறி என்று ஒருநாள் கேட்டேன். ஆம், இல்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாத கேள்வி அது ஒன்றுதான் என்றார். “மெஷின் காதைப் பாக்குது மிஸ். நான் ஆளைப் பாக்கிறேன்.”

வேலை பார்த்த காலம் முழுவதும் இந்தச் ‘சரிங்க’வோடுதான் மல்லுக்கட்டினேன். காது கேட்காதவர்களுக்குப் பேட்டரி தேவையில்லாத மெஷின் அது. எங்கேயும் தூக்கிக்கொண்டு போகலாம், யாரும் கண்டுபிடிக்கவும் மாட்டார்கள். தமிழில் கேட்பது என்றால் காதால் கேட்பதும் அதுதான், வாயால் கேட்பதும் அதுதான். காதால் கேட்காதவர்கள் வாயாலும் கேட்பதில்லை என்பதை நான் வேலையில் கண்டேன். இன்னொருமுறை சொல்லுங்கள் என்று கேட்டால் குறை வெளியே வந்துவிடும். ஆகையால் சரிங்க. மருந்து கொடுக்கும் ஜன்னலில் சரிங்க என்று சொல்லிவிட்டுப் போய், இருமல் மருந்தை முழங்காலில் தடவிக்கொண்டு வந்தவர் உண்டு. அவருடைய மனைவி ‘செவிடன் காதில ஊதின சங்கு’ என்று எங்கள் முன்னாலேயே தலையில் அடித்துக்கொண்டார். முகத்துக்கு நேரே வந்து ஊதியிருந்தால் ஒருவேளை பலன் இருந்திருக்கும்.

காது மெஷின் கொடுத்த பிறகும் கதை முடிவதில்லை. ஒரு அம்மா கிளினிக்குக்கு வரும்போது மட்டும் மெஷினைப் போட்டுக்கொண்டு வருவார், நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வருவது மாதிரி. வீட்டில் அலுமாரிக்குள், துணியில் சுற்றி, நாப்தலின் உருண்டையோடு இருக்கும். ஏன் என்று கேட்டால், “போட்டுக்கிட்டே இருந்தா தேஞ்சி போயிருமே மிஸ்” என்பார்.

பிறகு கைக்குக் கை போன் வந்தது. நான் போனை நம்புகிற ஆள் இல்லை, இருந்தாலும் கண்ணால் கண்டதைச் சொல்ல வேண்டும். போன் அடித்தால் வெளிச்சம் மின்னும்படி வைக்கலாம் என்று தெரிந்ததும், மாத்தளை டவுனில் கடை வைத்திருந்த ஒருவர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். லயத்தில் ஒரு வீட்டு மகன் வெளிநாட்டிலிருந்து வொய்ஸ் மெசேஜ் அனுப்புவான். காது கேட்காத அப்பாவுக்கு அதை அடுத்த வீட்டுக்காரர்தான் கேட்டுச் சொல்ல வேண்டும். குடும்பத்து இரகசியம் முழுவதும் லயத்துக்கே தெரிந்துவிடும். இப்போது அதை எழுத்தாக மாற்றிப் படிக்கலாம். பேசப் பேச எழுதிக் காட்டும் செயலியும் வந்தது. போனை மேசையில் வைத்தால் போதும், எதிரில் இருப்பவர் பேசுவதைத் தமிழில் வரி வரியாக எழுதிக்கொண்டே போகும். எங்கள் ஊர்ப்பெயர்கள் வந்தால் மட்டும் அதற்குத் தடுமாறும். அதை உண்டாக்கியவர்கள் மாத்தளைக்கு வந்ததில்லை போலும்.

இனி ஜெயராணியின் கதை. றிஸ்னா எழுதச் சொன்னது உண்மையில் இதைத்தான்.

ஜெயராணி ரிவர்ஸ்டன் போகிற வழியில் ஒரு தோட்டத்தில் பிறந்து, எல்கடுவப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவள். பள்ளிக்கூடம் போகிற வயதில் வந்த ஒரு காய்ச்சலில் இரண்டு காதும் பெருமளவு போய்விட்டது. பேச்சு இருந்தது. எழுதப் படிக்க நன்றாகத் தெரியும். நாங்கள் கொடுத்த மெஷினைப் போட்டுக்கொண்டு ஒருவரோடு முகம் பார்த்துப் பேசினால் பெரும்பாலும் பிடித்துக்கொள்வாள். நாலு பேர் சேர்ந்து பேசினால் ஒன்றும் விளங்காது. அங்கே அவளுக்கும் துணை ‘சரிங்க’தான். புருசன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. மாதத்துக்கொருமுறை வருவான். வீட்டில் அவளும் மாமியார் பார்வதியும்தான்.

முதல் பிள்ளை பிறந்து, தீட்டுக் கழித்த சில நாளில், மெஷினைச் சரிபார்க்க வந்தாள். மடியில் பிள்ளை. கூட பார்வதி. தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலை பக்டரியில், சல்லடை மெஷினுக்குப் பக்கத்தில் பல வருசமாக வேலை செய்கிற பெண். நல்ல கணீர்க் குரல். மருமகளுக்குக் கேட்பதற்காகச் சத்தமாகப் பேசிப் பேசி வந்த பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

றிஸ்னா அப்போது எனக்கு உதவியாக வந்து சேர்ந்த புதிது. போன் பைத்தியம். ஜெயராணிக்கு எழுதிக் காட்டும் செயலியைப் பழக்கலாம் என்று அவளுடைய போனில் அதைப் போட்டு, மேசையில் அவளுக்கு முன்னால் வைத்திருந்தாள். “நீங்க சும்மா பேசுங்க மிஸ், அது எழுதும்” என்றாள். நானும் சும்மா பேச்சுக்கு, பிள்ளையை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிக்கப் போகிறார்கள் என்று பார்வதியைக் கேட்டேன்.

“அந்தக் கவலை இல்லைங்க மிஸ். புள்ளைய பல்லேபொல மக வீட்டுல விடப் போறோம். ஸ்கூல் போற வரைக்கும் அங்கதான். இவளும் சரின்னுட்டா” என்றார்.

ஜெயராணி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று சிரித்தாள். விரலை வைத்து எனக்குக் காட்டினாள். பல்லேபொல என்கிற ஊர் அந்தப் போனுக்குத் தெரியவில்லை. ‘புள்ளைய பல்லு போல மக வீட்டுல விடப் போறோம்’ என்று எழுதியிருந்தது. றிஸ்னாவும் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு ஜெயராணி அதை மறுபடி வாசித்தாள். அவளுடைய உதடு அசைவதைப் பார்த்தேன். பல்லு போல. பல்லேபொல. நாத்தனார் கட்டிக்கொண்டு போன ஊர் அது. அவளுடைய கை பிள்ளையின் முதுகில் இறுகியது.

“மாமி, என்னங்க இது? யாரு சரின்னா?”

“நீதான்டி. தீட்டுக் கழிச்ச அன்னைக்கு எல்லாரும் குந்திப் பேசினோமே. ஒங்கிட்டயும் கேட்டோம். சரிங்கன்னு தலையாட்டினியே.”

“எனக்குக் கேக்கலைங்க மாமி.”

போன் அதையும் எழுதியது, ஒரு பிழையும் இல்லாமல். அத்தனை வருசத்தில் எங்கள் லயத்து ஆட்களில் ஒருவர், வயதில் மூத்தவர் முன்னால் ‘எனக்குக் கேக்கல’ என்று தானாகச் சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல்முறை. உத்தியோகத்தில் இருப்பவர்கள் நோயாளிக்கு முன்னால் கலங்கிய முகத்தைக் காட்டக்கூடாது என்பதால் மெஷினின் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பார்வதியைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் கோபப்படவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் நியாயம் கேட்டார்.

“அழுத புள்ளதாங்க பால் குடிக்கும். அழுறது கேட்டாத்தானே குடுக்கலாம்? இவ படுக்கிறப்ப மெஷினைக் கழட்டி வச்சிருறா. மகன் கொழும்புல. ராவுல புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யாருக்குங்க தெரியும்?”

“நீங்க பக்கத்துல இருக்கீங்கதானே?”

“இருக்கேங்க. ஸ்டோர்ல அலுத்துப் போயி வந்து படுத்தா பொணந்தாங்க.”

அவர் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. காது மெஷினைப் போட்டுக்கொண்டு தூங்க முடியாது. கழற்றினால் ஜெயராணிக்குப் பிள்ளையின் அழுகை எட்டாது. பிள்ளை தாயிடம் இருப்பதா, பல்லேபொலவுக்குப் போவதா என்பது அந்த ஒரு விசயத்தில் நின்றது. மாமியாரையும் மருமகளையும் றிஸ்னாவையும் டொக்டரிடம் அழைத்துப்போய் நடந்ததைச் சொன்னேன். அவர் யாரையும் திட்டவில்லை, யாருக்கும் புத்தி சொல்லவில்லை. அழுகையை அவளுக்குத் தெரிவிக்க வேறு வழி உண்டா என்று மட்டும் என்னைக் கேட்டார். நான் றிஸ்னாவைப் பார்த்தேன்.

போனே சுற்றியுள்ள சத்தங்களைக் கவனித்து, பிள்ளை அழுதால் அது பிள்ளையின் அழுகை என்று கண்டுபிடித்து, கைக்கடிகாரம் மாதிரி கையில் கட்டிய பட்டியை அதிரவைக்கும் என்றாள் றிஸ்னா. அதற்கு இன்டர்நெட்டும் வேண்டாமாம். டொக்டர் தாடையைச் சொறிந்தார். “செய்து காட்டு, பாப்போம்” என்றார்.

றிஸ்னா தன் கையிலிருந்த பட்டியைக் கழற்றி ஜெயராணிக்குக் கட்டினாள். போனைப் பிள்ளைக்குப் பக்கத்தில் வைத்தோம். எல்லாரும் பிள்ளை அழட்டும் என்று காத்திருந்தோம். பிள்ளை அழவில்லை. துணியை விலக்கினோம், கொட்டாவி விட்டது. உள்ளங்காலைச் சுண்டினேன், சிரித்தது. பொறுமை இழந்த றிஸ்னா தானே ‘ங்ஙா’ என்று அழுது காட்டினாள். போன் அதை நாய் குரைப்பதாகப் பதிந்தது. டொக்டர் சத்தம் இல்லாமல் சிரித்து நான் பார்த்த சில நாட்களில் அது ஒன்று. கடைசியில் அடுத்த அறையில் தடுப்பூசி போட்ட யாரோ ஒருவருடைய பிள்ளை வீறிட்டது. ஜெயராணி திடுக்கிட்டுத் தன் மணிக்கட்டைப் பார்த்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள்.

டொக்டர் பார்வதியின் பக்கம் திரும்பி, தனக்கு வந்த தமிழில் சொன்னார். “நான் சரின்னு சொன்னா போதாது அம்மா. நீங்கதான் வீட்டில் பாத்து சொல்லணும். அடுத்த கிளினிக் வரைக்கும் பிள்ளை அம்மாகிட்ட இருக்கட்டும். அது வேலை செய்யலைன்னா உங்க இஷ்டம். ஆனா சும்மா ‘சரிங்க’ வேணாம். பாத்துட்டு சொல்லுங்க.”

“சரிங்க” என்றார் பார்வதி உடனே.

டொக்டர் அவரை வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகநேரம் பார்த்த மாதிரி எனக்குத் தோன்றியது. வெளியே வரிசை நீண்டிருந்தது. அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

புருசன் கொழும்பிலிருந்து ஒரு கைப்பட்டி வாங்கி வந்து கொடுத்தான். என் அண்ணன் வீடு எல்கடுவயில்தான் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போனபோது, அந்தத் தோட்டத்து லயத்துக்கும் இறங்கிப் போனேன். பார்வதி அடுப்படியில் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தார். வாசல் திண்ணையான இஸ்தோப்பில் நின்று, “பார்வதியம்மா” என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். வெளியே பீலிக் குழாயில் தண்ணீர் கொட்டும் இரைச்சலில் கேட்கவில்லை என்று நினைத்தேன். அந்த நேரம் அடுத்த காம்பரா அறையில் ஒரு பிள்ளை அழத் தொடங்கியது. உள்ளேயிருந்து ஜெயராணி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து தொட்டிலைப் பார்த்தாள். அவளுடைய பிள்ளை நல்ல தூக்கம். அப்போதுதான் என்னைக் கண்டாள்.

“அடுத்த வீட்டுப் புள்ளைங்க மிஸ்” என்றாள், வெட்கப்பட்டுக்கொண்டு.

லயத்துக் காம்பராக்களின் நடுச்சுவர் கூரை வரை போவதில்லை. ஒரு வீட்டு இருமல் எல்லா வீட்டுக்கும் சொந்தம். போனுக்கு மட்டும் சுவர் தெரியுமா? மருமகள் தோளைத் தொட்டதும் திரும்பிய பார்வதி, என்னைக் கண்டு எழுந்து வந்து, முகத்துக்கு முகம் பார்த்துக் கேலியாகச் சொன்னார்.

“ஊரான் புள்ளைய ஊட்டி வளத்தா தன் புள்ள தானா வளரும்னு சொல்லுவாங்க. அதுக்கு இது தோதுங்க மிஸ். பூனை கத்தினாலும் குதிக்குது. கோயில் திருவிழாவுல நாதஸ்வரம் ஊதின அன்னைக்கு இவ கை நிக்கவே இல்லைங்க.”

மேசையில் இருந்த போனைத் தொட்டிலுக்குக் கீழே, பிள்ளைக்கு நேராக வைத்தேன். சிறிய சத்தங்களுக்கு அதிராதபடி அமைப்பை மாற்றினேன். கரண்ட் போகிற ஊர் என்பதால் போனில் எப்போதும் சார்ஜ் இருக்க வேண்டும் என்று சொன்னேன். அந்தப் பொறுப்பைப் பார்வதி எடுத்துக்கொண்டார். அதைச் சொல்லும்போது ஜெயராணி மாமியாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு என்னவோ தெரிந்திருக்கிறது என்று பட்டது. கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

கிளினிக் நாள் வந்தது. இருவரும் பிள்ளையோடு டொக்டருக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். ஜெயராணியின் போன் மேசையில் எழுதத் தயாராக இருந்தது. தீர்ப்பு மாமியார் வாயில் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். பார்வதியும் தீர்ப்பை நேர்மையாகவே சொன்னார்.

“புள்ள அழுகுதுங்க, இவ எந்திரிச்சுறா. நான் கண்ணு முழிச்சுப் பாக்குறப்ப புள்ள பால் குடிச்சுக்கிட்டு இருக்குங்க.”

“எல்லா நேரமும்?” என்றார் டொக்டர்.

“எல்லா நேரமும்ங்க.”

“ஒரு தடவையாவது நீங்க முதல்ல எந்திரிச்சீங்களா?”

பார்வதி தன் கைகளைப் பார்த்தார். டொக்டர் எழுதுவதற்குக் குனிந்தார். அவருடைய கை கோப்பைத் தூக்கி வாய்க்கு நேரே பிடிப்பதைக் கண்டேன். அந்தக் கேள்வியை அவர் நோயாளிகளிடம்தான் கேட்பார். கூட வந்தவர்களிடம் கேட்டதே இல்லை.

“நேத்து என்ன கறி?”

பார்வதி வாய் நிறையச் சிரித்தார். “சரிங்க டொக்டர் ஐயா” என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. சல்லடை மெஷினின் இரைச்சல், கணீர்க் குரல், நான் வாசலில் நின்று கூப்பிட்டது எல்லாம் ஒவ்வொன்றாக எனக்கு ஞாபகம் வந்தன. முகம் பார்த்துப் பேசினால் அவருக்கு எல்லாம் விளங்கும். முதுகுப் பக்கம் ஒன்றும் கேட்காது, தூக்கத்தில் சொல்லவே வேண்டாம். ராவில் அழுதால் யாருக்குத் தெரியும் என்று அவர் கேட்டது மருமகளை மட்டும் நினைத்து இல்லை. ஒரே காம்பராவில் இரண்டு பெண்கள், இரண்டு பேருக்கும் கேட்காது, நடுவில் ஒரு பச்சைப் பிள்ளை. அந்தப் பயத்தை வெளியே சொன்னால் தன் காதையும் சொல்ல வேண்டும், ஸ்டோர் வேலைக்கும் ஆபத்து வரலாம். அதற்காகப் பேரப்பிள்ளையைப் பல்லேபொலவுக்கு அனுப்பப் பார்த்திருக்கிறார். எனக்கு அவர்மேல் இருந்த கொஞ்சநஞ்சக் கோபமும் போய், பாவமாக இருந்தது.

ஜெயராணியின் முகத்தில் ஆச்சரியம் இல்லை. அந்தச் சிரிப்பையும் அந்தச் ‘சரிங்க’வையும் அவளுக்குத் தெரியாதா? அவள் மேசையிலிருந்த போனைத் திருப்பி, மெதுவாக மாமியாருக்கு முன்னால் தள்ளினாள். பார்வதி சின்ன வகுப்புகளோடு படிப்பை விட்டவர். விரலை வைத்து எழுத்துக் கூட்டினார்.

“நே...த்து... என்...ன... கறி.”

நிமிர்ந்து டொக்டரைப் பார்த்தார். பிறகு என்னை. பிறகு மருமகளை. கண் நிறைந்துவிட்டது.

“பலாக்கொட்டைங்க” என்றார். “இவதான் ஆக்கினா.”

டொக்டர் கோப்பைக் கீழே வைத்தார். பிள்ளையைப் பற்றி என்ன முடிவு என்று கேட்டார். இந்தமுறை வாயை மறைக்கவில்லை. இருந்தாலும் பார்வதி திரையில் அது எழுதப்படும் வரை காத்திருந்து, வாசித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

“புள்ள எங்கயும் போக வேணாங்க. எங்க ரெண்டு பேருல இவளுக்காச்சும் கேக்குதுங்களே.”

ஜெயராணிக்கு அதை வாசிக்கத் திரை இல்லை. மாமியாரின் வாயைப் பார்த்தே புரிந்துகொண்டாள். பிள்ளையை எடுத்து அவருடைய மடியில் வைக்கப் போனாள். டொக்டர் வேண்டாம் என்று கையைக் காட்டி, காது சோதிக்கும் அறையைச் சுட்டினார். நான் பார்வதியை அங்கே அழைத்துப்போய், தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் பட்டனைக் கொடுத்தேன். எனக்கு முதுகைக் காட்டித்தான் உட்காரவைத்தேன்.